ரெடிங்கில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அம்மா மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் எள்ளுருண்டையும் பார்சல் கட்டுகிறா. அதற்குள் இதையும் வைக்கிறேன். போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. ஐந்து கிழமையாக மணி போகிறது, நீ எடுப்பதில்லை. அடுத்த நாள் ‘வேலை, பிறகு கதைக்கிறேன்’ என்று ஒரு மெசேஜ் வருகிறது. வேலை இருந்தால் நல்லதுதான். வேலை இருக்கிறதுதானே?

நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்காலில் ஊசி போட்டார்கள், இப்போது கோயிலுக்கு நடந்தே போய் வருகிறா. அக்காவின் மூத்தவன் பரீட்சை எழுதி முடித்துவிட்டான். வேறு புதினம் இல்லை.

மாசி மாதம் நான் வந்தபோது நீ வீட்டுக்குள் கோட்டோடு இருந்து எழுதிக்கொண்டிருந்தாய். ஹீற்றர் போடவில்லையா என்று கேட்டதற்கு, இப்போதுதான் நிறுத்தினேன் என்றாய். நீ தேத்தண்ணி போடப் போன நேரம் ரேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இப்போது நிறுத்தியது அப்படி இருக்காது. காசு தரட்டுமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை. ஹீற்றரைப் போடு.

அடுத்தது நாஷனல் இன்சூரன்ஸ். எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். முழுப் பென்ஷனுக்கு 35 வருடக் கணக்கு வேண்டும். கவுன்சிலில் வேலை செய்த காலத்தில் உனக்கு 11 வருடம் சேர்ந்தது. அதற்குப் பிறகு உனக்கு நீயே முதலாளி. வருடா வருடம் கட்டினாயா? விடுபட்ட வருடங்களை நாங்களே கட்டி நிரப்பலாம், ஆனால் சாதாரணமாக ஆறு வருடத்துக்கு மேல் பின்னுக்குப் போக விடமாட்டார்கள். செல்வம் மாமா கடைசியில் பட்ட பாடு உனக்குத் தெரியும். அவரும் ‘பிறகு பார்ப்போம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் வேலையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. போன வெள்ளி கோயிலில் ஒருவர் மகன் என்ன செய்கிறார் என்று கேட்டார். முன்பெல்லாம் ‘எழுத்து வேலை’ என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவேன். இந்தத் தரம் விவரமாகச் சொன்னேன். பி.பி.சி.யில் 1963இல் தொடங்கிய டொக்டர் ஹூவை யார் யார் எப்படி எடுத்தார்கள் என்று, கடதாசி கடதாசியாகப் பார்த்து எழுதுகிறவன் என்றேன். ‘ஓ, அந்த நீலப் பெட்டி நாடகமோ’ என்றார். நான் விடவில்லை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அப்போது அவருக்கு 24 வயது, தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27 வயது, லைம் குரோவில் இருந்த ஒடுங்கின பழைய ஸ்டூடியோவில் வெக்கைக்குள் நின்று எடுத்தார்கள், முதலில் எடுத்தது பிடிக்காமல் பி.பி.சி. நாடகப் பிரிவுத் தலைவர் சிட்னி நியூமன் திரும்பவும் எடுக்கச் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாம் நீ சொல்லித் தந்ததுதான். கையில் வைத்திருந்த பொங்கல் ஆறும்வரை அவர் நின்று கேட்டார்.

80 விநாடி விஷயத்தையும் சொன்னேன். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைச் சுட்ட அடுத்த நாள், 1963 நவம்பர் 23, முதல் பகுதி போனது. அந்தச் செய்தியால் நாடகம் பத்து நிமிடம் பிந்தியது என்று ஆளுக்கு ஆள் எழுதிவிட்டார்கள். உண்மையில் பிந்தியது 80 விநாடிதான். அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எனக்கு முன்னால் தேடியவர்கள் என்று நீ திருத்துவாய். சரி. ஆனால் ஒரு பிழைக் கதையை ஒரு வரியில் நேராக்க மனிதர்கள் வருடக்கணக்கில் மினக்கெடுகிறார்கள், அதில் என் பிள்ளையும் ஒருவன் என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆனால் தம்பி, அந்த ஒரு வரிக்கு யார் காசு தருகிறார்கள்? கவர்ஷாமில் பி.பி.சி.யின் எழுத்து ஆவணங்கள் இருக்கின்றன, பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ரெடிங்குக்கே குடி போனாய். ஒரு நடிகர் எந்த நாள் ஒத்திகைக்கு வரவில்லை என்று பார்க்க மூன்று நாள் அங்கே இருந்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னாய். மால்கம் ஹல்க்கும் டெரன்ஸ் டிக்ஸும் 1972இலேயே இந்தத் தொடர் உருவான விதத்தைப் புத்தகமாக எழுதினார்கள் என்பாய். அவர்கள் இருவரும் தொடருக்கே கதை எழுதிச் சம்பளம் வாங்கியவர்கள். உனக்கு அது இல்லை. இதைச் சொன்னால் உனக்கு வலிக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அந்த டெரன்ஸ் டிக்ஸை நானும் மறக்கவில்லை. 1984இல் வந்து இறங்கியபோது உனக்கு ஆறு வயது, ஒரு வார்த்தை ஆங்கிலம் வராது. அவர் அந்தக் கதைகளை அறுபதுக்கு மேல் சின்னப் புத்தகங்களாக எழுதினார். லைப்ரரியில் இருந்ததையெல்லாம் நீ வாசித்து முடித்தாய். நான் பெற்றோல் செட்டில் இரவு வேலை முடித்து விடியப் புறம் வந்தால், படுக்கையில் உன் கன்னத்துக்குக் கீழே ஒரு புத்தகம் விரித்தபடி கிடக்கும்.

2013 ஐப்பசி மாதம் இரவு பதினொரு மணிக்கு நீ போன் எடுத்தது நினைவிருக்கிறதா? நைஜீரியாவில் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில், இல்லாமல் போன ஒன்பது பகுதிகளின் பிலிம் கிடைத்துவிட்டது என்று கத்தினாய். அம்மா யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று பயந்துபோனா. அப்போது இரவென்றும் பாராமல் எடுத்தாய். இப்போது பகலிலும் எடுக்கிறாய் இல்லை.

அந்த ஒன்பது கிடைத்த பிறகும் இன்னும் 97 இல்லை என்று அன்றைக்குச் சொன்னாய். ‘97 ஆயிரம் புத்தகம் எரிந்த ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு விளங்கும் அப்பா’ என்றாய். எரித்ததும் இதுவும் ஒன்றா என்று நான் சீறி விழுந்து போனை வைத்தேன். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தின் அந்தச் சாம்பலில் நான் கால் வைத்து நடந்தவன். ஒன்றில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் நீ ஒப்பிட்டுப் பேசவில்லை, உன் வேலைக்குள் என்னை வரச் சொல்லிக் கூப்பிட்டாய். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

உன் புதுப் புத்தகத்தில் பி.பி.சி. தன் நாடாக்களை அழித்த அத்தியாயத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு அங்குல வீடியோ நாடா விலை கூடியது, அழித்துவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். நடிகர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தத்தால் ஒரு நாடகத்தை நினைத்தபடி மறுபடி போடவும் முடியாது. கலர் வந்த பிறகு கறுப்பு வெள்ளையை வாங்க ஆளில்லை. வெளிநாட்டுக்கு விற்கிற பிரிவிடம் பிலிம் பிரதிகள் இருந்தன, உரிமைக் காலம் முடிய அவர்களும் எறிந்தார்கள். மற்றவரிடம் ஒன்று இருக்கும்தானே என்று இவர்களும் நினைத்தார்கள், அவர்களும் நினைத்தார்கள். முதல் ஆறு வருடத்தில் வந்த 253 பகுதிகளில் அவ்வளவு போய்விட்டது. ரி.வி.க்கு முன்னால் மைக்கைப் பிடித்துப் பதிந்துவைத்த பிள்ளைகளால்தான் எல்லாவற்றின் சத்தமாவது மிஞ்சியது. அழித்தவர்களை நீ ஓரிடத்திலும் திட்டவில்லை. அன்றைக்குத் தந்த வேலையைச் செய்தார்கள் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். ஹீற்றருக்காகவும் பென்ஷனுக்காகவும் நான் கடிதம் எழுத இருக்கவில்லை.

உன் நான்கு கசெற்றும் வீடு மாறும்போது தொலையவில்லை, தம்பி. நான்தான் அழித்தேன்.

1988இலும் 1989இலும் புதன்கிழமை 7.35க்கு டொக்டர் ஹூ. மாமிக்கு அதே நேரம் மற்றச் சனலில் கொரனேஷன் ஸ்ட்ரீட் பார்க்க வேண்டும். நீ சண்டை பிடிக்கவில்லை. ஒன்றைப் பார்க்க விட்டு மற்றதை மெஷினில் பதியலாம் என்று கண்டுபிடித்து, மாமி படுத்த பிறகு சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாய். வருடத்துக்கு 14 பகுதி, இரண்டு வருடத்துக்கு 28. மூன்று மணித்தியாலக் கசெற்றில் ஏழு பிடிக்கும், ஆக நாலு கசெற். யாரும் தவறி மேலே பதியக்கூடாது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் இருந்த சின்னப் பிளாஸ்ரிக் பல்லை உடைத்துவிட்டாய். லேபலில் நீலப் பேனாவால் வடிவாக எழுதி வைத்திருந்தாய்.

அடுத்த கோடையில் அக்கா பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு செய்தோம். வீடியோக்காரர் ஒரு கசெற்தான் தந்தார். ரொறன்ரோவுக்கு இரண்டு, பாரிஸுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று பிரதி எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு மெஷினைக் கேட்டு வாங்கி இரண்டையும் வயரால் இணைத்தேன். வெறும் கசெற் வாங்கக் காசு இருந்தது, கடைக்குப் போகப் பஞ்சியாக இருந்தது. உன் லேபலை வாசித்தேன். வாசிக்காமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். ரி.வி.யில் திரும்பவும் போடுவார்கள்தானே என்று நினைத்தேன். நீ உடைத்த ஓட்டைக்கு மேல் செலோரேப் ஒட்டினால் மெஷின் பதியும் என்று வேலையிடத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். ஒட்டினேன். நாலு இரவாக ஒவ்வொன்றாகப் பதிந்தேன்.

சாமத்திய வீடு இரண்டு மணித்தியாலம்தான். ஒவ்வொரு கசெற்றிலும் கடைசி ஒரு மணித்தியாலம் உன்னுடையதாக மிஞ்சியிருக்க வேண்டும். நான் மெஷினை ஓடவிட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். அது முடியும்வரை வெறுமையைப் பதிந்தது.

ரொறன்ரோவுக்குப் போனவை அங்கே ஓடவே இல்லை. அவர்களுடைய ரி.வி. முறை வேறாம். பெரியப்பா குப்பையில் போட்டுவிட்டார்.

நீ கேட்டபோது, வீடு மாறியதில் எங்கோ போய்விட்டது என்றேன். நீ பெட்டி பெட்டியாகக் கொட்டித் தேடினாய். நானும் உன்னோடு இருந்து தேடினேன். அது முதல் நாளோடு முடியவில்லை, அந்தச் சனி ஞாயிறு முழுக்கத் தேடினோம். தொடரையும் அப்போது நிறுத்திவிட்டார்கள், அது ஒழுங்காகத் திரும்பி வந்தது 2005இல்தான். பிறகு நீ சிவப்பு மட்டைக் கொப்பி ஒன்றில் 28 பகுதியையும் ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினாய். யார் என்ன சொன்னார், எந்த உடுப்புப் போட்டிருந்தார் என்று. வீட்டுக்கு வந்த எல்லோருக்கும் நான் அந்தக் கொப்பியைக் காட்டினேன். என் மகனின் ஞாபகத்தைப் பாருங்கள் என்றேன். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய்.

எங்கள் பிரதி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. போன கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரம் போட்டுப் பார்த்தேன். அக்கா, அப்பம்மா, எல்லோரும் வந்து போனார்கள். அது முடிந்த பிறகும் நிறுத்தாமல் இருந்தேன். ஒரு விநாடியாவது வருமா என்று ஒரு மணித்தியாலம் அந்தப் புள்ளிமழையைப் பார்த்தேன். வரவில்லை. செலோரேப் மஞ்சளாகிவிட்டது, ஆனால் இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது.

இது அம்மாவுக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. கோபம் வந்தால் போன் எடுத்து ஏசு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீ எழுதிக்கொண்டிருந்த இடத்தைப் பற்றி அக்கா ஏதோ சொல்ல வந்து நிறுத்திவிட்டா. நான் தோண்டவில்லை. நீயாகச் சொல்லும்போது சொல்லு.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மா புட்டு அவிப்பா. எள்ளுருண்டை டப்பா மாமியுடையது, மறக்காமல் கொண்டு வா. ஹீற்றரைப் போடு.

அப்பா