உறுதிமொழிக் கடிதம் கேட்கும் பள்ளிகளுக்கு

மதிப்பிற்குரிய தனியார் பள்ளித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் அட்டையைத் தரும் நாளில், ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரில் சிலரை மட்டும் தனியே உட்கார வைத்து, ஆளுக்கொரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, உறுதிமொழிக் கடிதம் எழுதி வாங்கும் வழக்கம் உங்களுக்குப் புதிதல்ல. இந்த ஆண்டு அப்படி உட்கார வைக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. என் மகனுக்குக் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு, அதாவது இப்போது எல்லோரும் ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்வது, இருப்பதாக அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த சான்று, அவன் ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்தே பள்ளி அலுவலகத்தில் இருக்கிறது. பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவன் இன்னும் அங்கேதான் படிக்கிறான் என்பது ஒரு காரணம். இது ஒரு பள்ளியின் பழக்கம் மட்டுமல்ல என்பதை உங்களில் பலர் அறிவீர்கள் என்பது மற்றொரு காரணம்.

அந்தக் கடிதத்தின் வாசகத்தை நாங்கள் யோசித்து எழுத வேண்டியதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கி, அலுவலகத்தில் ஒருவர் சொல்லச் சொல்ல எழுதினால் போதும். 'என் மகன் இனி வகுப்பில் கவனமாக இருப்பான். வீட்டுப்பாடத்தை மறக்காமல் முடித்து வருவான். அனுமதியின்றி இடத்தை விட்டு எழமாட்டான். தவறினால் மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' கீழே என் கையொப்பம், அதற்கும் கீழே அவனுடைய கையொப்பம். கவனம் நிலைக்காமை, அன்றாட வேலைகளை மறத்தல், தொடங்கியதை முடிக்காமை, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார முடியாமை ஆகியவை இந்தக் குறைபாட்டைக் கண்டறிய மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள். எந்த அறிகுறிகள் இருப்பதாக மருத்துவர் சான்றளித்தாரோ, அவை இனி இருக்காது என்று தாயிடமும் பிள்ளையிடமும் எழுதி வாங்குகிறீர்கள். காய்ச்சலில் கிடப்பவனிடம் நாளை முதல் உடம்பு சுடாது என்று கையெழுத்து வாங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்கு விளங்கவில்லை. அன்று கையொப்பமிட்ட பேனாவை அவன் அந்த மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தான். உறுதிமொழி மீறல்களில் அதையே முதலாவதாகக் குறித்துக்கொள்ளலாம்.

என் கோரிக்கை ஒன்றுதான். எங்களிடமிருந்து உறுதிமொழி எழுதி வாங்குவதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, மருத்துவச் சான்று கொடுத்திருக்கும் பிள்ளைக்கு உங்கள் பள்ளி என்ன செய்யும் என்பதை ஒரே ஒரு பக்கத்தில் எழுதி, முதல்வர் கையொப்பமிட்டு, எங்களிடம் தாருங்கள்.

'எல்லாப் பிள்ளையும் இப்படித்தான், ரெண்டு போட்டா சரியாயிடும்' என்று அன்று எனக்குச் சொல்லப்பட்டது. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருப்பதை நினைவூட்ட வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் 'எல்லாப் பிள்ளையும் இப்படித்தான்' என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஆறு மாதத்துக்கும் மேலாக நீடித்து, படிப்பையும் பழக்கத்தையும் பாதித்தால்தான் மருத்துவர்கள் இந்தப் பெயரையே சொல்கிறார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கும் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளின் தொகுதியிலேயே இதையும் வைத்திருக்கிறது. இது பெருமளவு மரபுவழி வருவது. செல்லம் கொடுத்துக் கெடுத்ததால் வருவதில்லை. உலக அளவில் பிள்ளைகளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினருக்கு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. நாற்பது பேர் உட்காரும் உங்கள் வகுப்பறை ஒவ்வொன்றிலும் சராசரியாக இரண்டு பேர். அந்த இருவரில் ஒருத்தி, ஓடாமல் ஆடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணாக இருந்தால், அவளை நீங்கள் கவனித்திருக்கவே மாட்டீர்கள். 'மக்கு' என்ற ஒரு சொல்லோடு அவள் கதை முடிந்திருக்கும்.

'மொபைல் கொடுத்தால் மணிக்கணக்கில் உட்காருகிறானே' என்ற கேள்வி உறவினர் வீட்டு விசேஷங்களில் எங்களுக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனது. ஆசிரியர்களிடமிருந்தும் அதே கேள்வி வரும்போதுதான் அயர்ச்சியாக இருக்கிறது. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில் அதை நிறுத்தி வைக்கும் கட்டுப்பாடுதான் குறைவு. நொடிக்கொரு தரம் புதிதாக ஏதாவது நிகழும் திரை அந்தக் கட்டுப்பாட்டைக் கேட்பதில்லை. நாற்பது நிமிடம் நீளும் பாடவேளை கேட்கிறது.

சட்டம் என்று பேசினால், 'உங்கள் பையனின் குறைபாடு பட்டியலில் இல்லையே' என்கிறீர்கள். உண்மைதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இதன் பெயர் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மாணவர்களைப் பரிசோதிக்க 2013-இல் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் சிறார் நலத் திட்டத்தில், கண்டறிய வேண்டிய 30 நிலைகளுள் இதுவும் ஒன்று. ஒரு பட்டியலில் இருப்பது இன்னொன்றில் இல்லை என்பது அரசு தீர்க்க வேண்டிய குளறுபடி. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே கையை விரித்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. எழுத உட்கார்ந்தால் கை இறுகிக்கொள்ளும் குறைபாடுள்ள அவருக்கு, குடிமைப் பணித் தேர்வில் சொல்வதை எழுதுபவரை அமர்த்திக்கொள்ள அனுமதி மறுக்கப்பட்டது. இட ஒதுக்கீட்டுக்கு வேண்டுமானால் குறைபாடு குறைந்தது 40 விழுக்காடு இருக்க வேண்டும் என்ற வரம்பு பொருந்தும்; நியாயமான வசதி செய்து தருவதற்கு அந்த வரம்பைக் காட்டி மறுக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளிலும் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கேற்ப அத்தகைய வசதி செய்யப்பட வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு.

அந்த வசதிக்குப் பெருஞ்செலவு ஆகும் என்று அஞ்ச வேண்டாம். ஏழாம் வகுப்பில் அவனுக்குச் சமூக அறிவியல் எடுத்த ஆசிரியை, தன்னிச்சையாகவே அதைச் செய்து காட்டினார். அவனை முன் வரிசையில் உட்கார வைத்தார். வீட்டுப்பாடத்தை வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் பலகையில் எழுதி, அவன் டைரியில் ஏறியதா என்று மணி அடிக்கும் முன் ஒரு பார்வை பார்த்தார். பெரிய வினா ஒன்றைத் துண்டு துண்டாக்கி, ஒன்றை முடித்த பிறகு அடுத்ததைக் கொடுத்தார். பாடவேளையின் நடுவில் பலகையைத் துடைக்கும் பொறுப்பை அவனுக்கே ஒதுக்கிவிட்டார். எழுந்து நடக்க அவனுக்கு ஒரு காரணம் கிடைத்தது, இடத்தை விட்டு எழுந்தான் என்ற புகார் அந்த ஆண்டு அவரிடமிருந்து ஒருமுறைகூட வரவில்லை. அவர் வேறு பள்ளிக்கு மாறிப் போனதும் அத்தனையும் அவரோடு போய்விட்டது. எழுத்தில் ஒரு பக்கம் இருந்திருந்தால் அடுத்து வந்தவரிடம் அது போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இந்தக் கடிதங்கள் ஏன் ஒன்பதாம் வகுப்பில் மட்டும் இவ்வளவு மும்முரமாக எழுதி வாங்கப்படுகின்றன? எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது; பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வந்துவிடுகிறது. இடையில் இருப்பது இந்த ஓராண்டு. மாநிலத் தரவரிசை அறிவிப்பை 2017-இல் அரசு நிறுத்திவிட்ட பிறகு, பேருந்து நிலையத்துக்கு எதிரே கட்டும் பிளெக்ஸில் போட்டுக்கொள்ள எஞ்சியிருப்பது 'நூறு விழுக்காடு தேர்ச்சி' ஒன்றுதான் என்பது புரிகிறது. தேர்வு எழுதியவர்களில் நூறு விழுக்காடு என்றால், எழுதும் முன்பே மாற்றுச் சான்றிதழோடு அனுப்பப்பட்டவர்களுக்கும் அந்தப் பதாகையின் ஓரத்தில் நன்றி என்று ஒரு வரி சேர்க்கலாம். காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் சிறுதேர்வு, விளையாட்டுப் பாடவேளை கணக்கு ஆசிரியருக்கு. இப்படி ஓடி ஆட நேரமே இல்லாத ஒரு கால அட்டவணையைத் தயாரித்து வைத்துவிட்டு, பிள்ளை அமைதியாக இல்லை என்று வருத்தப்படவும் செய்கிறீர்கள்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். ஐம்பது பேர் வரை அடைத்த வகுப்பில் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு இதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லித் தர வேண்டிய நிர்வாகம் வெள்ளைத்தாளை நீட்டுகிறது என்பதுதான் என் குறை.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, மருத்துவச் சான்று தந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரையும் ஒருமுறை அழையுங்கள். எங்கே உட்கார வைப்பது, வீட்டுப்பாடத்தை எப்படித் தருவது, பள்ளித் தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம், எந்த ஆசிரியரிடம் பேசுவது என்று அந்த ஒரு பக்கத்தை எங்களோடு சேர்ந்து எழுதுங்கள். வகுப்பாசிரியர் மாறினால் அதன் நகல் புதியவர் கைக்குப் போகட்டும். ஏற்கெனவே எங்களிடம் எழுதி வாங்கிய உறுதிமொழிக் கடிதங்களைக் கோப்புகளிலிருந்து எடுத்து எங்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய்,
சேலம் மாவட்டம்.