செந்திலுக்கு, ஓடத் தொடங்குமுன்

பாளையங்கோட்டை
அக்டோபர் 27

அன்பு மகன் செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. ஓடுவதற்கு வாங்கிய ஷூ என்று நீ அனுப்பிய படம் பார்த்தேன். நிறம் நன்றாக இருக்கிறது, அளவு எப்படி என்றுதான் தெரியவில்லை. சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது போடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பார். எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லையென்றால் விரல் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். வெளியே போட்டு அழுக்காக்குமுன் அரை சைஸ் பெரிதாக மாற்றிக்கொள்.

ஜனவரியில் சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று மீனா சொன்னாள். எனக்குச் சந்தோஷம்தான். எடுத்த காரியத்தை விடாதவன் நீ, சி.ஏ. பரீட்சையிலேயே பார்த்தேனே. ஆனால் புதிதாக ஓடுகிறவனை அந்தப் பிடிவாதம்தான் முதலில் படுக்க வைக்கும். மூச்சு சில வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்காகும். இன்னும் கொஞ்சம் ஓடலாமே என்று மூச்சு சொல்கிற நாளில் ஆசைப்பட்டு அதிகமாக ஓடுவாய், மறுவாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி பிடிக்கும். பி.டி. டீச்சர் பேச்சு என்று தள்ளாதே.

முதலில் டாக்டர். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, இசிஜி. படுத்துக்கொண்டு எடுக்கும் இசிஜி சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. ஓடும்போது இதயம் என்ன செய்கிறது என்பதை அது காட்டாது. டிரெட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கும் டிஎம்டி வேண்டுமா, இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்க்கும் எக்கோ வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது என்ன வயது என்பதை நீயே வாய்விட்டுச் சொல். அப்பாவுக்கோ கூடப் பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்குள் வந்திருந்தால் டாக்டர்கள் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்கள். உனக்கு வரும் தையில் 38.

ஷூ படம் அனுப்பத் தெரிந்த பிள்ளைக்கு ஆபீஸில் எடுத்த ரிப்போர்ட்டை அனுப்பத் தெரியவில்லை. கேட்டால் ‘எல்லாம் நார்மல்மா’ என்கிறாய். நார்மல் என்றால் எண்ணைச் சொல்வதற்கு என்ன? சரி, விடு. ஓட்டத்துக்கு வருகிறேன்.

1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர், ஓடியே பழக்கமில்லாத தன் அம்மாவை மனதில் வைத்துப் போட்ட அட்டவணை ஒன்று இருக்கிறது. பிறகு இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். அதை எடுத்து ஊருக்கெல்லாம் கொடுத்தது. ஒன்பது வாரம், வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒவ்வொரு தடவையும் முதல் 5 நிமிடம் வேக நடை. முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம். இரண்டாம் வாரம் 90 விநாடி ஓட்டம், 2 நிமிடம் நடை. மூன்றாம் வாரத்தில் 3 நிமிட ஓட்டம் வரும். நான்காம் வாரத்தில் 5 நிமிடம். ஐந்தாம் வாரம்தான் பலர் விட்டுவிடும் இடம். அதில் இரண்டாம் நாள் எட்டெட்டு நிமிடமாக இரண்டு ஓட்டம், மூன்றாம் நாள் திடீரென்று நடையே இல்லாமல் 20 நிமிடம். பயம் வந்தால் நான்காம் வாரத்தையே இன்னொரு தடவை ஓடு. ஒன்பது வாரம் பன்னிரண்டானால் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் எப்படியும் நாட்கள் போகும். போன நாளை ஈடுகட்ட அடுத்தடுத்த நாள் ஓடாதே. தண்ணீர் தேங்கிய தெருவில் இறங்கவே இறங்காதே, பள்ளம் தெரியாது.

வேகம்தான் முக்கியம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பக்கத்தில் நடக்கிறவர் உன்னைத் தாண்டிப் போனாலும் போகட்டும். ஆபீஸ் பையன்கள் ஸ்ட்ராவா ஆப்பில் போடுகிற வேகத்தைப் பார்க்காதே. எட்டி அடி வைக்காதே, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி சின்னச் சின்ன அடியாக வை. சென்னைப் புழுக்கத்தில் வியர்வை காயாது, காயாவிட்டால் உடம்பு குளிராது, அதே வேகத்துக்கு இதயம் அதிகமாக அடிக்கும். அதனால் விடியுமுன் போ. பெசன்ட் நகர் போனால் மணலில் ஓடாதே, குதிகால் தசைநாணை இழுத்துவிடும். சமமான நடைபாதை போதும். பருத்தி பனியன் வியர்வையில் ஊறித் தோலை உரசும். தொடை இடுக்கில் வாசலின் தடவிக்கொள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் ஓடினால் விலாவில் பிடிக்கும், காலையில் பாதி வாழைப்பழம் போதும்.

ஓடாத நாளில் படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கு, 15 தடவை, இரண்டு சுற்று. கெண்டைக்கால் பலப்பட்டால் பாதி வலி வராது. இரண்டு காலிலும் ஒரேமாதிரி அசதி என்றால் பயமில்லை. ஒரே காலில், விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிடு. எலும்பில் விரிசல் அப்படித்தான் ஆரம்பிக்கும். காய்ச்சல் அடித்தால் விட்டு முழுசாகத் தேறும்வரை ஓடக்கூடாது, சில வைரஸ் இதயத் தசையையும் தொடும். ஆடிட் சமயத்தில் இரவு ஒரு மணிக்குப் படுத்துவிட்டு ஐந்துக்கு எழுந்து ஓடாதே. தூங்கு.

நெஞ்சில் பாரம் வைத்தது போல இருந்தால், தாடைக்கோ இடது கைக்கோ வலி இறங்கினால், கண் இருட்டினால், உடனே நின்றுவிடு. கேஸ் என்று சோடா குடித்து உட்காராதே. அப்பாவும் கேஸ் என்றுதான் சொன்னார். 108-க்குப் போன் பண்ணு, மீனாவை அப்புறம் கூப்பிடு. போன் இல்லாமல் ஓடப் போகாதே. சட்டைப் பையில் உன் பெயர், ரத்த வகை, மீனா நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். டாக்டரைப் பார்க்காமல் முதல் வாரத்து 60 விநாடி கூட வேண்டாம், அதுவரை நட.

இந்த ஜனவரி 10 கிலோமீட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. கணக்குப் போட்டுப் பார். ஒன்பது வாரம் தவறாமல் ஓடினாலே டிசம்பர் முடிந்துவிடும். அப்போதும் கடைசி வாரத்து 30 நிமிட ஓட்டத்தில் நாலு கிலோமீட்டர் ஓடுவாய், 10-க்கு இன்னும் இரண்டு மாதமாவது வேண்டும். கட்டிய பணம் போனால் போகட்டும். அடுத்த ஜனவரிக்கு ஓடு, நானே வந்து ஓரத்தில் நிற்கிறேன். டாக்டர் சரி என்று சொல்லி, நீயும் கேட்கமாட்டேன் என்றால், முதல் நிமிடத்திலிருந்தே 1 நிமிடம் ஓடி 1 நிமிடம் நட. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலவேயே புதியவர்களுக்கு இப்படி ஓடி நடக்கத்தான் சொல்லிக்கொடுத்தார், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. களைத்த பிறகு நடக்கலாம் என்று வைத்திருந்தால் அது உதவாது, களைக்குமுன் நடக்க வேண்டும்.

பாப்பாவுக்கு முறுக்கு கட்டி வைத்திருக்கிறேன், அக்கா வரும்போது கொண்டுவருவாள். சனிக்கிழமைக்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு நீயே போன் பண்ணு. மீனாவிடம் போனைக் கொடுத்துவிடாதே. எண்களை நீ சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா