பதில் என்னிடம் இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மாற்றுத்திறனாளிகளின் துணையாளர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தியாகம், பொறுமை, தாயுள்ளம் எல்லாம் இருந்தது, சரி. ஆனால் அத்தனை பக்கத்தில் ஒரு மாற்றுத்திறனாளிகூட வாய் திறக்கவில்லையே, ஏன்?

எனக்குப் பெருமூளை வாதம். பேச்சு குழறும், மெதுவாக வரும், புதியவர்களுக்குப் பாதி புரியாது. அதனால் டாக்டரிலிருந்து பேங்க் ஊழியர் வரை எல்லோரும் என் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் "இவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்பார்கள். இப்போது என்னோடு இருப்பவர் "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொள்வார். இது தானாக வந்த பழக்கம் இல்லை, இருவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டது. என் வாக்கியத்தை நடுவில் பிடுங்கி முடிக்கக் கூடாது, நான் விரலால் தட்டினால் மட்டும் ஊகித்துச் சொல்லலாம். புரிந்த மாதிரி தலையாட்டவே கூடாது (இதைவிட எரிச்சல் மூட்டுவது வேறில்லை), புரிந்தவரைக்கும் திருப்பிச் சொல்லி "அப்புறம்?" என்று கேட்க வேண்டும், அப்படியும் பிடிபடாவிட்டால் எழுத்துப் பலகையை (எழுத்துகளைத் தொட்டுக் காட்டிச் சொல்வதற்கான அட்டை) எடுத்துவிடுவோம். பார்வையற்றவரைக் கூட்டிப்போகிறவர் அவர் கையைப் பிடித்து இழுக்காமல் தன் முழங்கையைக் கொடுப்பதும், படி வந்தால் ஏறவா இறங்கவா என்று முன்பே சொல்வதும் இதே வகைதான்.

அன்பு இருந்தால் போதும், எல்லாம் புரிந்துவிடும் என்று உங்கள் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பேச முடியாதவரின் கையைத் துணையாளர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, அவர் எழுத்துகளைத் தட்டும் முறை ஒன்று 1990களில் பெரிதாகப் பேசப்பட்டது. பிறகு சோதித்துப் பார்த்தார்கள். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாதபடி இருவருக்கும் வெவ்வேறு படத்தைக் காட்டினால், தட்டச்சாகி வந்தது துணையாளர் பார்த்த படத்தின் பெயர்! அந்தத் துணையாளர்கள் பெரும்பாலும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை, எழுதுவது தங்கள் கைதான் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அன்பான அம்மாக்களும் ஆசிரியர்களும் அதில் இருந்தார்கள். அதனால்தான் என் துணையாளர் என் சார்பில் எதையாவது சொன்னால், உடனே என் பக்கம் திரும்பி "சரியா?" என்று கேட்பார், நான் இல்லை என்று தலையசைத்தால் அங்கேயே திருத்துவார்.

2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு, பிரெயில், தொட்டுப் பேசுவது, பெரிய எழுத்து, எளிய நடை, கருவி வழியாகப் பேசுவது எல்லாவற்றையும் தொடர்பு என்றே கணக்கில் எடுக்கிறது. ஆகவே என் பலகையும் பேச்சுதான், நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது உங்கள் நிருபர் கேள்விகளை முதல் நாளே அனுப்பட்டும், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்கட்டும், பதில் வரும்வரை குறுக்கே பேசாமல் இருக்கட்டும். துணையாளரையும் பேட்டி எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரிடம் அவர் வேலையைப் பற்றிக் கேளுங்கள், என்னைப் பற்றியதை என்னிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்