ஆய்வகத்தை விட்டு வரும் மகளுக்கு

அன்பு மகளே,

ஆய்வக வேலையை விட்டு ஃபெல்டன்கிரைஸ் முறையைக் கற்றுக்கொடுக்கப் போனால் படித்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று கேட்டிருந்தாய். வீணாகாது. உடல் அசைவைக் கவனித்துக் கற்கும் அந்த முறையை உருவாக்கிய மோஷே ஃபெல்டன்கிரைஸையே எடுத்துக்கொள், அவரும் இயற்பியலாளர்தான். 1904-இல் இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்லாவுத்தாவில் பிறந்தவர். 1930-களில் பாரிஸில் அணு இயற்பியலாளர் ஜோலியோ-க்யூரியின் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஜூடோ பழகினார், கற்றும் கொடுத்தார். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஆராய்ச்சி. கால்பந்தாட்டத்தில் அடிபட்ட முழங்காலுக்கு அறுவை சிகிச்சை கைகொடுக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. அதனால் தன் நடையையே ஆராயத் தொடங்கினார். இந்த முறைக்கு முழுநேர ஆசிரியரானது 1950-களில், டெல் அவீவில். அதுவரை அறிவியல் வேலையும் இதுவும் சேர்ந்தே நடந்தன. நீயும் சம்பளத்தை உடனே விட்டுவிடாதே.

அறிவியலிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது வெபர் விதி: சுமை கூடக் கூட, வித்தியாசம் தெரிய அதே விகிதத்தில் பெரிய மாற்றம் வேண்டும். கையில் 4 கிலோ இருந்தால், சுமார் 100 கிராம் கூட்டினால்தான் வித்தியாசம் தெரியும். 400 கிராம் இருந்தால் 10 கிராமே போதும். முக்கிக்கொண்டு செய்கிற தசைக்குச் சின்னப் பிழை தெரியாது என்பது இதிலிருந்தே வருகிறது. அவருடைய பாடங்களில் எல்லாம் மெதுவாகவும் சிறிதாகவும் இருப்பதற்குக் காரணம் அதுதான், சாந்தம் வேண்டும் என்பதற்காக அல்ல.

முதல் வகுப்புக்கு 'இடுப்புக் கடிகாரம்' என்ற பாடத்தை எடு. தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரி. மெத்தை வேண்டாம், உடல் எங்கே அழுந்துகிறது என்பதை அது மறைத்துவிடும். மோவாய் கூரையைப் பார்த்துத் தூக்கிக்கொண்டால் மட்டும் தலைக்கு ஒரு மடித்த துண்டு. முதல் மூன்று நிமிடம் அசையாமல் மல்லாந்து படுத்து, குதிகால், இடுப்பு, தோள்பட்டை ஒவ்வொன்றும் தரையை எப்படித் தொடுகிறது என்று கவனிக்கச் சொல். பின்னால் ஒப்பிட இதுதான் அளவுகோல்.

பிறகு முழங்காலை மடக்கி, பாதங்களை இடுப்பு அகலத்தில் ஊன்றட்டும். இடுப்பின் பின்புறம் ஒரு கடிகாரம்: 12 முதுகுப் பக்கம், 6 வால் எலும்புப் பக்கம். 12-க்கு உருட்டினால் கீழ்முதுகு தரையில் படியும், 6-க்கு உருட்டினால் மேலே வளையும். பத்துப் பதினைந்து முறை, பிறகு ஒரு நிமிடம் ஓய்வு. அடுத்து 3-க்கும் 9-க்கும். அதன்பின் 12, 1, 2, 3 என்று வலப்பக்கம் காற்பங்கு வட்டம், பிறகு 3-லிருந்து 6 வரை. வலது அரைவட்டம் முடிந்ததும் கால் நீட்டிப் படுக்கவை. வலம் இடம் இரண்டும் வேறுவேறாகக் கிடப்பதை அவர்களே உணர்வார்கள். தொடாத இடப்பக்கம்தான் ஒப்பிட்டுப் பார்க்க உன் கட்டுப்பாட்டுச் சோதனை! அதைக் கண்ட பிறகே இடப்பக்கம் போ. மொத்தம் 45 நிமிடம்.

பலருக்கு 1-க்கும் 3-க்கும் நடுவே இடுப்பு குதித்துத் தாண்டும். அங்கே அழுத்தச் சொல்லாதே. தட்டு அளவு வட்டத்தை ஒரு நாணயத்தின் அளவுக்குச் சுருக்கச் சொன்னால் தானாகவே இணையும். மூச்சு நின்றாலோ, தாடை இறுகினாலோ, பாதம் தரையை மிதித்தாலோ பலத்தைப் பாதியாக்கு.

நீ செய்துகாட்டவே கூடாது. காட்டினால் உன்னைப் பார்த்து நகல் எடுப்பார்கள், தங்களைக் கவனிக்கமாட்டார்கள். ஃபெல்டன்கிரைஸும் குழு வகுப்புகளை வாய்ச்சொல்லாலேயே நடத்தினார். ஒரு வாக்கியத்துக்கு ஒரு கட்டளை, பிறகு ஆறேழு முறை செய்கிற நேரம் மௌனம். உனக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் விளக்கம் சொல்லியே பழகியவள் நீ. தசையின் பெயரைச் சொன்ன நொடியில் அவர்கள் உடலை விட்டுப் பாடப்புத்தகத்துக்குப் போய்விடுவார்கள். கேள்விகளை வகுப்பு முடிந்ததும் வைத்துக்கொள்.

நோய் தீரும் என்று ஒருபோதும் சொல்லாதே. இந்த முறை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, அவற்றை எடைபோட உனக்கே தெரியும். கால் மரத்துப்போகிறது, வலி பாதம் வரை இறங்குகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்று யாராவது சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்பு.

இந்தப் பாடத்தை உன் குரலில் பதிவு செய்து, நீயே படுத்துக் கேட்டுச் செய்து பார். 'எதை அசைக்கச் சொன்னாள்?' என்று எங்கே நிற்கிறாயோ அந்த வாக்கியத்தை மாற்று. மாற்றியதும் எனக்கு அனுப்பு, நானும் படுத்துப் பார்க்கிறேன்.

அம்மா