‘உங்கள் ஊரிலேயே’ என்றால் எந்த ஊர், ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் குடிப்பழக்கம் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். கடைசியில், ‘உங்கள் ஊரிலேயே இயங்கும் குடிநோயாளிகள் குழுவை அணுகுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் எழுதியவர். எந்த ஊர் ஐயா? நான் தங்கச்சிமடம். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம். அப்படி ஒரு குழுவைத் தேடி நான் அலைந்தது பதினான்கு மாதம்.

விசைப்படகு டிரைவராக இருந்தவன். திங்கள், புதன், சனி கடல். மறுநாள் காலை கரை. பங்குப் பணம் கைக்கு வந்ததும், பகல் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கும்வரை வீட்டுக்குப் போகாமல் ஜெட்டி பாலத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் கையில் காசில்லாத காலம், நானே நிறுத்தினேன். ‘மன உறுதி இருந்தால் போதும்’ என்று நீங்கள் அடிக்கடி எழுதுவீர்களே, அந்த மன உறுதியோடுதான். மூன்றாம் நாள் ராத்திரி சுவர் முழுக்க நண்டு ஊர்ந்தது. விரட்டச் சொல்லி சம்சாரத்தை அடித்து எழுப்பியிருக்கிறேன். அப்புறம் வலிப்பு. பல வருடம் நிறையக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்பதை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் முழுப் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

இடம் இருந்திருக்காது. அதே இணைப்பின் பின்பக்கத்தில், ‘குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்ற பொடி விளம்பரத்துக்கு மட்டும் கால் பக்கம் இருந்தது. இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான் என் சம்சாரம் தோட்டை அடகு வைத்துப் பொடி வாங்கி மீன் குழம்பில் கலந்தாள். அன்றைக்கு முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, விடியும்வரை வாந்தி எடுத்தேன். அதில் என்ன இருந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. விளம்பரத்தை வெட்டி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இன்னொன்று. தீபாவளிக்குத் தீபாவளி ‘குடிமகன்கள் குஷி’ என்று தலைப்பு வைக்கிறீர்கள். என் மகள் அப்போது ஏழாவது. தினமும் பேப்பரை உரக்கப் படிப்பாள். அந்தத் தலைப்பு வந்ததும் நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சரி, குழுவுக்கு வருகிறேன். ‘குரூப்புக்குப் போங்க’ என்று டாக்டரும் சொன்னார், விலாசம் சொல்லவில்லை. டீக்கடையில் கேட்டால், ‘பார்ல இருக்கிறதும் குரூப்புதானே’ என்று சிரித்தார்கள். கடைசியில் சொன்னவர் மதுரைக்கு மீன் ஏற்றிப்போகும் லாரி டிரைவர் ஒருவர். ‘அண்ணே, நானும் ஏ.ஏ.தான்’ என்றார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிநோயாளிகளே கூடி நடத்தும் குழு. கூட்டம் மதுரையில், போக மட்டும் பஸ்ஸில் நாலு மணி நேரம்.

மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை, பதினோரு பேர். என் கை அப்போதும் நடுங்கும். டீ ஊற்றியவர் மற்றவர்களுக்கு முழு டம்ளர், எனக்கு மட்டும் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குடித்து முடித்ததும் மீதி அரையை ஊற்றினார். சாதி, தொழில் எதையும் யாரும் விசாரிக்கவில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் அங்கே தகுதி. சந்தா இல்லை, டப்பா சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம், வெளியாள் நன்கொடை வாங்க மாட்டார்கள். 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு குடிகாரர்கள், உட்கார்ந்து பேசிப் பேசியே தொடங்கியது. உங்களுக்குத் தெரியாததா.

கூட்டம் சனிக்கிழமை மாலை. சனிக்கிழமை கடலுக்கு வராதவன் எதற்கு என்றார் படகு ஓனர். நியாயம்தான். இப்போது ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நாலு வருடம் ஆகிறது.

இன்று நாங்கள் ஆறு பேர் ராமநாதபுரத்தில் ஞாயிறு மாலை கூடுகிறோம். உங்கள் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் போடச் சொல்லி இரண்டு முறை தபால் அனுப்பினேன். விளம்பரக் கட்டணம் கட்டச் சொல்லி ஏஜென்ட் மூலமாகப் பதில் வந்தது. போன வாரம் டப்பாவில் விழுந்தது 85 ரூபாய்.

ராகுகாலம், எமகண்டம் தினமும் போடுகிறீர்கள். அதற்குக் கீழே ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வரி: இடம், நேரம். இரண்டும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அதற்கும் இடமில்லை என்றால் 14446 என்ற அரசு உதவி எண்ணையாவது போடுங்கள், ஐந்து இலக்கம்தான். குடிப்பவரின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் குழு உண்டாமே, அது எந்த ஊரில் என்று என் சம்சாரம் கேட்கிறாள். உங்கள் கட்டுரையாளருக்குத் தெரிந்தால் சொல்லட்டும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயர் வேண்டாம். பத்திரிகையில் பெயர் வரக் கூடாது என்பது எங்கள் குழுவின் வழக்கம். ஊரைப் போடுங்கள். ஐஸ் கம்பெனியில் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள், அது என் பாடு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.