பேரை இழந்துதான் உதவி கேட்க வேண்டுமா? அஸ்வெசும அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிரதேச செயலக அலுவலர்களுக்கு,

நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான். 2023இல் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் வந்ததிலிருந்து இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. படிவம் நிரப்புகிறேன், மேன்முறையீடு எழுதுகிறேன். சம்பளம் எப்போதாவது ஒரு கட்டுக் கீரை.

பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து லய அறையில், இருக்கும் பெரியம்மாவின் கதையைச் சொல்கிறேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். கணவர் இல்லை. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு ஒரே லயக் காம்பராவில் இருக்கிறார். முன்பக்கம் மகனுடைய அடுப்பு, பின்பக்கம் தகரம் சாய்த்த இடத்தில் பெரியம்மாவின் அடுப்பு. அரிசி, மா, மண்ணெண்ணெய் எல்லாம் தனித்தனி. கணக்கெடுக்க வந்த தம்பி வாசலில் நின்றே ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். அவரையும் குறை சொல்ல மனம் வரவில்லை, அன்று மழை, அவர் ஏறி முடிக்க இன்னும் மூன்று லயம் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரியால் மகனின் சம்பளம் பெரியம்மாவின் வருமானமாகிவிட்டது. பட்டியலில் பெயர் வரவில்லை, ஏன் வரவில்லை என்று யாரும் சொல்லவும் இல்லை.

சரி, மேன்முறையீடு செய்யலாம் என்று மருமகள் அவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். முதல் நாள் உரிய அலுவலர் கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் நாள் மின்கட்டணச் சீட்டு கேட்டார்கள். அது இன்னும் செத்துப்போன மாமனார் பெயரில் இருக்கிறது. மூன்றாம் நாள் கொடுத்த படிவம் முழுக்கச் சிங்களம். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தம் சொல்லிவிட்டது, கவுன்டருக்குத்தான் இன்னும் செய்தி எட்டவில்லை போலும். கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு தங்கச்சி சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தாள். அவளுக்கு நன்றி.

மூன்று நாளும் மருமகளுக்குப் பேர் விழவில்லை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு, அது விழுந்தால்தான் அன்றைய சம்பளம். அப்போது நாள் சம்பளம் 1,350 ரூபாய். மூன்று நாள் பேருக்கு 4,050, பஸ் காசு வேறு. மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 17,500 ரூபாய் வரை கிடைக்கும் திட்டத்தில் இது என்ன பெரிய காசு என்று நீங்கள் நினைக்கலாம். கிடைத்தால் பெரிதில்லைதான். கிடைக்குமா என்று தெரியாமலே முன்கூட்டிக் கட்டுகிற பணம் இது. அதனால்தான் எங்கள் லயத்தில் பாதிப் பேர் மேன்முறையீட்டுக்கே வரவில்லை. அதை வைத்து அவர்களுக்குத் தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

கடிதம் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது, தபால் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். விசாரணைக்கு அழைத்த கடிதம் பெரியம்மா கைக்கு வந்தபோது விசாரணை நாள் போய் ஐந்து நாள். அந்த முகவரியை நம்பாமல் ஒரு போன் அழைப்பு கொடுத்திருக்கலாம். படிவத்தில் நம்பர் இருக்கிறதே.

நான் கேட்பது புதிய திட்டமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முடியாவிட்டால் ஒரு நாள் மாலை கொழுந்தை எடை போட்டு முடித்த பிறகு, தமிழ் பேசும் ஒருவரோடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு வந்து உட்காருங்கள். மேசை, கதிரை, வெளிச்சம் எல்லாம் அங்கே இருக்கிறது. பட்டியலில் விடுபட்டவருக்கு என்ன காரணம் என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கணக்கெடுக்க வரும்போது காம்பராவின் பின்பக்கமும் ஒரு தடவை எட்டிப் பார்த்து, எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேளுங்கள்.

பெரியம்மாவின் இரண்டாவது மேன்முறையீட்டை நேற்று எழுதி முடித்தோம். நீங்கள் வரும் நாளைச் சொன்னால் இங்கேயே கையில் தருகிறோம்.

இப்படிக்கு,
லயத்து டீச்சர்