வாயில்லா ஜீவனுக்குச் சிகிச்சை செய்ய விரும்பும் மகளுக்கு

நாமக்கல்

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலமறிய ஆவல். இங்கிலாந்தின் லீட்ஸில் மனிதர்களுக்குச் செய்துவரும் பிசியோதெரபியை விட்டுவிட்டு, விலங்குகளுக்கான பிசியோதெரபி படிக்க விரும்புவதாக நீ எழுதியிருந்ததை இருவரும் படித்தோம். நிலையான வேலையை விடுவது குறித்து அப்பாவுக்குக் கவலை இருக்கிறது. அதை அவரே உன்னிடம் பேசுவார். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கால்நடை உதவி மருத்துவராகக் கழித்தவள் என்ற முறையில் என் கருத்தை நான் எழுதுகிறேன். நீ இந்தத் தொழிலுக்குப் போக வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் நீண்ட வழியில் போக வேண்டும். குறுக்கு வழியில் போகக் கூடாது.

நான் பணியில் இருந்த காலத்தில் என்னை அதிகம் வருத்தியவை படுத்துவிட்ட மாடுகள்தான். கன்று ஈன்ற கறவை மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்து, எழ முடியாமல் படுத்துவிடும். கால்சியம் பாட்டில் ஏற்றியதும் பெரும்பாலான மாடுகள் எழுந்துவிடும், சில எழுவதில்லை. இரத்தத்தில் குறை சரியாகியிருக்கும், ஆனால் அதற்குள் பல மணி நேரம் ஒரே பக்கமாகப் படுத்திருந்ததில், 400 கிலோ உடலின் பாரம் அடியில் சிக்கிய பின்னங்காலை அழுத்தி, இரத்த ஓட்டம் தடைப்பட்டு, தசையும் நரம்பும் கெட்டுப்போயிருக்கும். மருந்தின் வேலை முடிந்து உன் தொழிலின் வேலை தொடங்கும் இடம் அதுதான். வழுக்கும் சிமென்ட் தரையிலிருந்து மணல் பரப்பிய இடத்துக்கு மாட்டை மாற்றுவது, சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் புரட்டுவது, வைக்கோல் மூட்டையை அண்டை கொடுத்து நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி வைப்பது, பின்னங்கால்களைத் தேய்த்து மடக்கி நீட்டுவது, வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்து நாலு பேர் தாங்கிப் பிடித்துச் சிறிது நேரம் நிற்க வைப்பது ஆகிய எல்லாவற்றையும் அந்த வீட்டுப் பெண்களும் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுமே செய்தார்கள். எப்போது தூக்கலாம், எவ்வளவு நேரம் நிறுத்தலாம், இடுப்பெலும்பில் கவ்வி மாட்டித் தூக்கினால் எந்த அளவுக்கு மேல் அந்தக் கவ்வியே சதையைக் கெடுக்கும் என்று அருகிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. எனக்கு அடுத்த ஊரில் அடுத்த மாடு காத்திருக்கும். அப்படி ஒருவர் இருந்திருந்தால் இன்னும் பல மாடுகள் எழுந்திருக்கும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

நீ கற்றது எதுவும் வீண்போகாது என்று எழுதியிருந்தாய். உண்மைதான்; அசைவில்லாத தசை எப்படி மெலிகிறது, அறுவைக்குப் பின் மூட்டு எப்படி இறுகுகிறது என்பவை எல்லா உடலுக்கும் பொது. ஆயினும் இரண்டு காலில் நிற்கும் உடலைப் பழகிய கைக்கு நான்கு காலில் நிற்கும் உடல் புதிது. நாய் தன் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்களில் தாங்குகிறது. பின்னங்கால் வலித்தால் அந்தப் பாரம் இன்னும் முன்னே நகர்ந்து, கழுத்தும் தோளும் இறுகிப்போக, வளர்ப்பவர் தோளில்தான் கோளாறு என்று எண்ணி அழைத்து வருவார். மேலும், நமக்கிருப்பது போல முன்னங்காலை உடலோடு பிணைக்கும் காறை எலும்பு நாய்க்கும் குதிரைக்கும் இல்லை. தூளியில் கிடக்கும் குழந்தையைப் போல நெஞ்சுக்கூடு தசைகளுக்கு இடையில் தொங்குகிறது. குதிரையோ ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில் நிற்கிறது. அதன் முன்னங்காலில் நடு மூட்டுக்குக் கீழே சதைப்பற்றே கிடையாது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களே ஓடுகின்றன. பந்தயக் குதிரைக்கு அங்கே நாண் கிழிந்தால் தேறுவதற்கு மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கு மேலும் ஆகிறது. அவசரப்பட்டு ஓடவிட்டால் அதே இடம் மீண்டும் கிழியும்.

இதைவிடக் கடினமானது வலியை அறிவது. வலி பத்தில் எத்தனை என்று நோயாளியிடம் கேட்டுப் பழகியவள் நீ. நாய் சொல்லும் விதம் வேறு: உன் விரல் வலிக்கும் இடத்தை நெருங்கும்போது அது மூச்சைப் பிடித்துக்கொள்ளும், உதட்டை நக்கும், காதைப் பின்னுக்கு இழுக்கும், தலையைத் திருப்பி உன் கையைப் பார்க்கும். உறுமலும் கடியும் கடைசியாக வருபவை. முன்னால் வந்த குறிகளைக் கவனிக்காதவர்களே பெரும்பாலும் கடிபடுகிறார்கள். முகக்குறிகளைக் கொண்டு வலியை மதிப்பிடும் அளவுகோல்கள் குதிரைக்கு 2014-லும் பூனைக்கு 2019-லும் வெளியாகியிருக்கின்றன. காது இருக்கும் நிலை, கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மூக்கும் வாயும் எவ்வளவு இறுகியிருக்கின்றன என்பவற்றுக்கு மதிப்பெண் தருவதே அவற்றின் முறை. படிப்பில் சேருவதற்கு முன்பே அவற்றைப் படித்துப் பழகிக்கொள்.

தண்ணீர்த் தொட்டிக்குள் டிரெட்மில்லில் நடக்கும் டாக்ஸ்ஹண்ட் நாயின் காணொளியை அனுப்பியிருந்தாய். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். குட்டைக் கால்களும் நீண்ட முதுகும் கொண்ட அந்த இனத்தில் முதுகெலும்பு டிஸ்க் இளவயதிலேயே கெட்டிப்பட்டுப் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவது மிகவும் சாதாரணம். இடுப்பு மூட்டளவு தண்ணீரில் நாயின் கால்கள் தாங்குவது அதன் எடையில் சுமார் 38 சதவீதம்தான். முழங்கால் மூட்டளவுக்குத் தண்ணீரைக் குறைத்தால் அது 85 சதவீதமாகிவிடும். தண்ணீரின் மட்டத்தை வைத்தே பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டலாம் என்பது அழகான ஏற்பாடு. ஆனால் இந்தத் தொழிலில் கருவியின் கவர்ச்சி உண்மையை மறைத்துவிடக் கூடாது. இப்படி டிஸ்க் பிதுங்கிப் பின்னங்கால்கள் செயலிழந்திருந்தாலும், விரலை அழுத்திக் கிள்ளும்போது வலியை உணரும் நாய்களில் அறுவைக்குப் பின் பத்தில் ஒன்பது மீண்டும் நடக்கின்றன. அந்த உணர்வும் போய்விட்டவற்றில் ஏறத்தாழப் பாதியே நடக்கின்றன. உணர்வு மிஞ்சியிருந்த நாய்களில் ஒரு பிரிவுக்கு அடிப்படைப் பயிற்சிகளையும், மறு பிரிவுக்குத் தண்ணீர் டிரெட்மில் உள்ளிட்ட தீவிரச் சிகிச்சையையும் தந்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2018-ல் வெளிவந்தது. இரு பிரிவுகளும் ஒரே வேகத்தில்தான் தேறின. கட்டணம் செலுத்துபவரிடம் இதை மறைக்காமல் சொல்லும் துணிவு உனக்கு வேண்டும். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கி நடத்துவது, வழுக்காத விரிப்பில் நிற்கப் பழக்குவது, சிறுநீர் தானாகப் போகாத நாய்க்கு அடிவயிற்றை அழுத்தி வெளியேற்றுவது ஆகியவற்றை வீட்டாருக்குச் செய்து காட்டிக் கற்றுக்கொடுத்தால், பெரும்பாலான நாய்களுக்கு அதுவே பெரிய உதவி. மூட்டு தேய்ந்த பருத்த நாய்களின் எடையைக் குறைத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில், எடையில் 6 சதவீதம் குறைந்தபோதே நொண்டல் குறையத் தொடங்கியது. அதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

இனி, படிப்பைப் பற்றி. பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி விலங்குகளின் நோயறிவதும் மருத்துவம் செய்வதும் கால்நடை மருத்துவருக்கே உரியவை. அவருடைய வழிகாட்டுதலின்கீழ் மற்றவர்கள் பிசியோதெரபி செய்ய 2015-ஆம் ஆண்டு விலக்கு ஆணை இடமளிக்கிறது. பிசியோதெரபிஸ்ட் என்ற பெயரை உன்னைப் போல், சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் குழுமமான எச்.சி.பி.சி.யின் பதிவேட்டில் இருப்பவர்களே பயன்படுத்தலாம். ஆனால் அதன் முன்னால் 'விலங்கு' என்றோ 'கால்நடை' என்றோ சேர்த்துக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே, குறுகிய காலப் பயிற்சி பெற்றவரும் முழுமையாகப் படித்தவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்ட முடிகிறது. நீ சில மாத இணையவழிப் படிப்புகளைக் குறிப்பிட்டிருந்தாய்; அவற்றை விட்டுவிடு. ஹார்ட்பரி பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் முதுநிலைப் படிப்பை முடித்து, விலங்கு சிகிச்சையில் ஈடுபடும் பதிவுபெற்ற பிசியோதெரபிஸ்டுகளின் சங்கமான ஏ.சி.பி.ஏ.டி.யில் சேர். ஒரு நாய் நொண்டுவது மூட்டுத் தேய்மானத்தாலா, எலும்புப் புற்றுநோயாலா என்று கால்நடை மருத்துவரிடம் திருப்பி அனுப்பிக் கேட்க வேண்டிய தருணம் எது என்பதை, நோயாளிகளை நேரில் தொட்டுக் கற்ற பயிற்சிதான் உனக்குக் காட்டும். வருமானம் தொடக்கத்தில் குறையும். அந்த நாட்டில் இத்தொழிலில் பலர் சொந்தமாகக் கார் ஓட்டிக்கொண்டு பண்ணைக்கும் லாயத்துக்கும் வீடுகளுக்கும் போகிறவர்கள். ஆகையால் மருத்துவமனை வேலையை உடனே விடாமல், பகுதி நேரமாக்கிக்கொண்டு படிக்க முடியுமா என்று கேட்டுப் பார். அப்பாவின் கவலையும் அதனால் பாதி தீரும்.

பிறகு ஊருக்கே திரும்பிவிடலாம் என்ற உன் எண்ணம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் இங்கே 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி, பதிவுபெற்ற கால்நடை மருத்துவரே விலங்குகளுக்கு மருத்துவம் செய்யலாம். அந்தப் பதிவுக்கு கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி.யை ஐந்தரை ஆண்டு படிக்க வேண்டும். எனவே நீ தனியாகப் பலகை மாட்ட எண்ணாமல், ஒரு கால்நடை மருத்துவரோடு சேர்ந்து பணியாற்றத் திட்டமிடு. தேவைக்குக் குறைவில்லை. கருங்கல்லிலும் சிமென்ட்டிலும் நின்று நின்று பாதமும் மூட்டும் கெட்ட யானைகள் நம் கோயில்களில் இருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் மதுராவுக்கு அருகில் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு 2018-ல் திறந்த யானை மருத்துவமனையில் லேசர் சிகிச்சைக்கும் நீர்ச் சிகிச்சைக்கும் வசதி செய்திருக்கிறார்கள். சென்னையிலும் கோவையிலும் செல்லப்பிராணி வளர்ப்பவர்கள் கட்டணம் கொடுத்துச் சிகிச்சை பெறுவார்கள். ஆனால் படுத்துவிட்ட ஒரு கறவை மாட்டை நம்பியிருக்கும் குடும்பத்தால் உனக்குப் பெரிதாக ஒன்றும் தர முடியாது. அந்த வீட்டுக்கும் நீ போக வேண்டும் என்பது என் ஆசை.

விண்ணப்பம் அனுப்புவதற்கு முன், வரும் விடுப்பில் அங்கே பதிவுபெற்ற விலங்கு பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் அனுமதி பெற்று, நாள் முழுவதும் உடனிருந்து பார். நாய்களோடு நின்றுவிடாமல், குதிரை லாயத்துக்கும் போய், குதிரையின் பின்னங்கால் பக்கம் எப்படி நெருங்குவது என்று அவர்களிடமே கற்றுக்கொள். டெட்டனஸ் ஊசியின் தவணை முடிந்திருந்தால் போட்டுக்கொண்டு போ. கல்லூரியின் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பு. உடற்கூறு பாடத்துக்கு என்னென்ன படிக்க வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா